மலைக்கு ஒரு கணக்கு

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையில் கூடும் ஜனத்திரளுக்குக் கணக்கு உண்டு. எத்தனை பஸ்கள் விடப்பட்டன, எத்தனை ரயில்கள் வந்தன, எத்தனை போலீஸார் காவல் நின்றனர், உண்டியலில் சேர்ந்த தொகை எவ்வளவு என்பனவெல்லாம் தவறாமல் எழுதப்பட்டு வெளிவருகின்றன. ஆனால், எந்த மலையை நாடி இத்தனை லட்சம் கால்கள் 14 கிலோமீட்டர் நடக்கின்றனவோ, அந்த மலையின் மீது சென்ற வருஷம் தானாக முளைத்தது என்ன, மடிந்தது என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வலம் வருவோர் மலையைச் சுற்றுகிறார்கள். மலையைப் பார்க்கிறார்களா என்பதே சந்தேகம்.

மலைக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதை மலையின் மேற்குப் பக்கத்தில், அடி அண்ணாமலையை ஒட்டிய சரிவுகளிலிருந்து தொடங்கலாம். அக்கணக்கில் முதலிடம் பெறவேண்டியது எது என்று கேட்டால், நாம் சொல்லும் விடை சிலருக்கு வியப்பாக இருக்கும். மரங்களை அன்று, ஆர்க்கிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த காட்டுச் செடிகளையே முதலில் தேடி எண்ணவேண்டும் என்கிறோம். இந்த யோசனைக்குரிய காரணங்களை வாசகர்கள் முன் வைப்பது நமது கடமை.

அண்ணாமலையின் அண்மைக்காலச் சரித்திரத்தை ஊரார் அறிவார்கள். விறகுக்காக வெட்டியும், ஓய்வின்றி மேயவிட்டும், கோடைதோறும் தீக்கு இரையாக்கியும் இம்மலையைப் பாறையும் புல்லுமாக ஆக்கிவிட்டோம். 1988-ஆம் வருஷத்தில் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் தோன்றியது. பின்னர் ‘தி பாரஸ்ட் வே’ என்ற ஸ்தாபனத்தார், இம்மண்ணுக்குரிய மரவகைகளை நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் சரிவுகளில் நட்டு, வேனிலில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, தீ மூண்டபோது ஓடிச்சென்று அணைத்து, ஆண்டாண்டாக உழைத்து வருகிறார்கள். காட்டு இலாகாவும் கைகொடுக்கிறது. இன்று மலையின் பல பள்ளங்களில் பசுமை தெரிகிறது. இவர்களுக்கு ஊர் நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். நட்ட கன்றுகளின் தொகை காட்டின் தொகை ஆகாது. கன்று நடுவது நமது செலவுக் கணக்கு; காடு திரும்பிற்றா என்பது வரவுக் கணக்கு. செலவை மட்டும் எழுதி, வரவை எழுதாத வியாபாரி தன் நிலைமையைத் தானே அறியமாட்டான். நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இன்னொரு விதமாகவும் சொல்லலாம். நாம் நட்ட மரம், நாம் அழைத்து வந்து கூண்டில் நிறுத்திய சாட்சி. தானாக வந்து முளைத்த செடி, அழைப்பின்றி வந்த சாட்சி. எவனுடைய வாக்குமூலத்துக்கு மதிப்பு அதிகம் என்பதை எந்த நீதிபதியும் சொல்லிவிடுவார்.

ஆர்க்கிட் அவ்விதச் சாட்சி. தமிழில் இக்குடும்பத்துக்கு எல்லோரும் அறிந்த பொதுப்பெயர் ஒன்று நிலைபெறாமையால் உலகம் வழங்கும் பெயரையே நாமும் வழங்குகிறோம். இதன் விதை தூசியினும் நுண்ணியது. ஒரே காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் இருக்கும். காற்றில் வெகுதூரம் பறக்கும். ஆனால் நெல்லிலும் பயறிலும் முளைக்கு வேண்டிய கட்டுச்சோறு உள்ளேயே இருப்பதுபோல் இதில் இல்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ வாழும் ஒருவகைப் பூஞ்சை வந்து ஊட்டினாலன்றி இவ்விதை காட்டில் வளர்வதில்லை. 1899-ஆம் வருஷத்தில் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்த உண்மையைக் கண்டறிந்தார். முளைத்துப் பூத்த பின்னரும், மகரந்தத்தைச் சுமக்கும் பூச்சி இல்லையேல் பெரும்பாலான இனங்கள் காய்ப்பதில்லை. ஆகவே, ஓர் ஆர்க்கிட் தானாக முளைத்துப் பூத்துக் காய்த்து நிற்குமானால், அவ்விடத்தில் ஈரம் தங்குகிறது, பூஞ்சை வாழ்கிறது, பூச்சி வருகிறது என்ற மூன்று விஷயங்களுக்கும் அது ஒன்றே அத்தாட்சி. கூலி கொடுத்து ஆயிரம் குழி வெட்டினாலும் இந்த அத்தாட்சி கிடைக்காது.

இச்செடிகளைப் பற்றி நம் ஜனங்களிடையே உள்ள ஒரு தப்பெண்ணத்தையும் இங்கே நீக்கவேண்டும். மரக்கிளையில் ஒட்டி வாழும் ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று எண்ணி அரிவாளால் கொத்தி எறிவோர் உண்டு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. ஆர்க்கிட்டோ கிளையை இருப்பிடமாக மட்டும் கொள்கிறது. அதன் வெளிறிய வேர்கள் மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் பஞ்சுபோல் பற்றிக்கொள்கின்றன. வாடகை கொடாத குடி என்று வேண்டுமானால் சொல்லலாம். திருடன் என்று சொல்ல நியாயமில்லை.

தமிழ்நாட்டுச் சமவெளியில் மாமரங்களின் மீதும் பிற மரங்களின் மீதும் காணப்படும் ‘வாண்டா டெசெலேட்டா’ என்பது இவ்வகை. தடித்த வார்போன்ற இலைகளும், கட்டங்கட்டமாகக் கோடிட்ட மங்கிய இதழ்களும், நடுவே ஊதா உதடும் உடையது. 1795-இல் ராக்ஸ்பரோ சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றிய தமது நூலில் இதை வருணித்தார். வாண்டா என்ற பெயரே, மரத்தைப் பற்றி வாழும் செடியைக் குறிக்கும் ‘வந்தா’ என்ற ஸம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து சென்றது. இன்று உலகமெங்கும் பூக்கடைகளில் விலைபோகும் ஒரு பெரும் குலத்தின் பெயர் நம் தேசத்துப் பெயர். நம்மவர் அந்தப் பெயரையும் மறந்தோம், செடியையும் மறந்தோம்.

தரையில் வாழ்வன வேறு வகை. ஹேபனேரியா, யூலோபியா, நெர்வீலியா முதலிய குலங்களைச் சேர்ந்தவை தென்னாட்டின் வறண்ட குன்றுகளிலும் வளரக்கூடியவை. அவை கிழங்கு உடையவை. மழை கண்டு எழும், பூக்கும், கோடை வந்தால் மேலே ஒரு தழையுமின்றி மடிந்து கிழங்காய் மண்ணுக்குள் உறங்கும். நெர்வீலியாவில் பூ முதலில் வரும். அது வாடிய பிறகே இலை எழும். சில இனங்களில், மழை பெய்தும் எழாமல் ஒரு வருஷம் முழுவதும் உறங்கிவிடும் செடிகளும் உண்டு. எனவே, கோடையில் மலை ஏறிப் பார்த்துவிட்டு, ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று எழுதுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு சாட்சி சொல்கிறவன். ஒரே ஒரு வருஷம் எண்ணிவிட்டு, ‘இவ்வளவே’ என்று முடிவு கட்டுகிறவனும் அவனுக்கு இளைத்தவனல்லன்.

இதை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் கேஸில் ஹில் என்ற பாதுகாக்கப்பட்ட புல்வெளி ஒன்று உண்டு. அங்கே சிலந்தி ஆர்க்கிட் என்னும் சிறு செடியின் கூட்டத்தை மைக்கேல் ஹட்சிங்ஸ் என்ற ஆசிரியர் 1975-ஆம் வருஷம் முதல் எண்ணத் தொடங்கினார். குறித்த நிலத்துண்டில் ஒவ்வொரு செடியின் இடத்தையும் அளந்து எழுதினார். அடுத்த வருஷம் அதே செடி எழுந்ததா, பூத்ததா, உறங்கிற்றா, இறந்ததா என்று பார்த்தார். இவ்விதம் 32 வருஷங்கள் நடந்தது. அதன் பயனாக, மண்ணுக்கு மேல் தெரியும் செடிகள் உள்ள செடிகளில் ஒரு பகுதியே என்பதும், கால்நடை மேயும் முறையும் பருவமும் மாறினால் கூட்டம் பெருகவோ அருகவோ செய்யும் என்பதும் ஐயமறத் தெரிந்தன. இந்தக் கடைசி விஷயம் நமக்கு மிகவும் முக்கியம். ஆட்டுக்காரனை அடியோடு விரட்டுவது, அல்லது ஆட்டை எப்போதும் எங்கும் விடுவது என்ற இரண்டு வழிகளைத் தவிர மூன்றாவது வழியும் உண்டு: எந்த மாதத்தில் எந்தச் சரிவில் விடலாம் என்று தெரிந்து விடுவது. அந்த அறிவு கணக்கினால் மட்டுமே வரும். கணக்கில்லாத இடத்தில் தடையுத்தரவும் குருட்டுத்தனமானது, சலுகையும் குருட்டுத்தனமானது.

இதுவும் வெள்ளைக்காரர் வேடிக்கைதானே என்று சிலர் நினைக்கலாம். அப்படியன்று. கபிலர் பெயரால் வழங்கும் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் வரிசையாக வருகின்றன என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். மலையில் பூத்ததைப் பெயர் சொல்லி எண்ணும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அண்மைக்காலத்திலும் இவ்வேலையில் நம்மவர் கை இருந்தது. 1838 முதல் 1853 வரை ராபர்ட் வைட் என்பவர் தென்னிந்தியச் செடிகளைப் பற்றி 2,000-க்கு மேற்பட்ட படங்களுடன் ஆறு பாகங்களாக ஒரு பெருநூல் வெளியிட்டார். அப்படங்களில் பலவற்றைத் தீட்டிய கைகள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்தியச் சித்திரக்காரர்களுடையவை. வைட் தாம் கண்ட ஓர் ஆர்க்கிட் குலத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று தம் சித்திரக்காரரின் பெயரைச் சூட்டினார். பின்னாளில் அச்செடி முன்பே பெயர்பெற்ற வேறொரு குலத்துள் அடங்குவது எனக் கண்டதால் அப்பெயர் வழக்கொழிந்தது. கூர்ந்து நோக்கும் கண் நம்மிடம் இருந்தது. ஏடு பிறர் கையில் இருந்தது. இப்போது ஏடும் நம் கையில் இருக்கிறது. எழுதாமலிருப்பதற்கு இனி யார்மேல் பழி போடுவோம்?

அடி அண்ணாமலையில் ஒரு முதியவரிடம் நாம் இந்த யோசனையைச் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “பூவை எண்ணினா கெணத்துல தண்ணி ஊறுமாங்க?” என்று கேட்டார். இதைவிட நேரான ஆட்சேபம் இருக்க முடியாது. இதற்கு நேராகவே விடை சொல்ல வேண்டும். பூவை எண்ணுவதனால் தண்ணீர் ஊறாது. ஆனால், பூஞ்சை வாழும் மட்கிய இலைமண் எதுவோ, அதுவேதான் மழைநீரை நிறுத்தி மெல்ல உள்ளே இறக்கும் மண். சரிவில் அந்த மண் போகத் தொடங்கினால், முதலில் காணாமற் போவது இந்தச் சிறு செடிகள். கிணறு வற்றுவது அதற்குப் பிந்திய கதை. பொக்கிஷத்தில் பணம் தீர்ந்த பிறகு கணக்கைப் பார்ப்பவன் மூடன். குறையத் தொடங்கும்போதே பார்ப்பவன் புத்திமான்.

2024-ஆம் வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி நடந்ததை ஊர் மறந்திராது. புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ. உ. சி. நகரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். அடர்ந்த காடு இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்று சொல்ல நாம் துணியவில்லை; பெருமழை பெருமழையே. ஆனால், எந்தச் சரிவில் மண் தங்குகிறது, எந்தச் சரிவில் நழுவுகிறது, எங்கே தழை மூடியிருக்கிறது, எங்கே பாறை வெளுத்துவிட்டது என்று வருஷந்தோறும் நடந்து பார்த்து எழுதுகிற மனிதர்கள் ஒவ்வொரு மலையடி ஊருக்கும் தேவை என்பதை அந்த ஏழு உயிர்களும் நமக்குச் சொல்லிச் சென்றன. செடியை எண்ணப் போகிறவன் செடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை.

இனி ஒரு எச்சரிக்கை. கணக்கு எடுக்கவேண்டும் என்று சொல்லும் அதே மூச்சில், எல்லாவற்றையும் வெளியிடக்கூடாது என்றும் சொல்கிறோம். அகத்தியமலைத் தொடரில் மட்டும் வளரும் ‘பாபியோபெடிலம் ட்ரூரீ’ என்ற மஞ்சள் ஆர்க்கிட்டை 1865-ஆம் வருஷத்தில் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தார். அதன் அழகே அதற்கு யமனாயிற்று. வியாபாரிகள் கூடை கூடையாகப் பெயர்த்து அனுப்பினர். அற்றே போயிற்று என்று எண்ணியிருந்த நிலையில் 1972-இல் மீண்டும் காணப்பட்டது. இங்கிலாந்திலும் அவ்வாறே பூச்சேகரிப்போரால் அற்றதாகக் கருதப்பட்ட பாதுகை ஆர்க்கிட் 1930-இல் யார்க்ஷையரில் ஒரே ஒரு செடியாகக் கிடைத்தது. கண்டவர்கள் ஊர் பேர் சொல்லாமல் பல்லாண்டு காவல் காத்தனர். நம் நாட்டு மருந்துக் கடைகளில் ‘சாலாமிசிரி’ என்று விற்கப்படுவதும் ஆர்க்கிட் கிழங்கே. கிழங்கைத் தோண்டியபின் செடி ஏது? ஆகையால் எத்தனை என்பதை ஊருக்குச் சொல்லலாம். எங்கே என்பதைச் சொல்லலாகாது. இடக்குறிப்பு முத்திரையிட்ட உறையில் இலாகாவிடமும் பொறுப்பாளரிடமும் இருக்கட்டும். கைப்பேசியில் படமெடுத்து, இடத்தோடு உலகுக்கெல்லாம் அனுப்பிவிடும் இக்காலத்து வாலிபர்கள் இதை முக்கியமாக மனத்தில் கொள்ளவேண்டும்.

இந்தக் கணக்கை யார் எடுப்பது? சர்க்காரே எல்லாவற்றையும் செய்யட்டும் என்று கைகட்டி நிற்பது நமக்குப் பழகிப்போன ரோகம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதை நாம் எடுத்துக்காட்ட விரும்புகிறோம். 2002-ஆம் வருஷத்து உயிரியற் பன்மைச் சட்டத்தின் 41-வது பிரிவு, ஸ்தல ஸ்தாபனங்கள் தம் எல்லைக்குட்பட்ட உயிர்ச்செல்வத்தைக் காக்கவும் எழுதி வைக்கவும் ஒரு கமிட்டி அமைக்கவேண்டும் என்கிறது. அக்கமிட்டி ஊராரைக் கலந்து மக்கள் பதிவேடு ஒன்று எழுதவேண்டும் என்று அதன்கீழ் ஏற்பட்ட 2004-ஆம் வருஷத்து விதிகள் சொல்லின. 2020-ஆம் வருஷம் ஜனவரி 31-க்குள் இவ்வேலையை முடிக்கவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடுவும் வைத்தது. கெடுவுக்கு அஞ்சி எழுதும் ஏடு ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்கும் ஏடாகவே முடியும். நாம் கேட்பது வருஷந்தோறும் திறக்கப்படும் ஏடு.

முறை கடினமானதன்று. காட்டு இலாகாவின் அனுமதியும் துணையும் பெற்று, சரிவுகளில் சில நிலத்துண்டுகளை முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். தீ எரிந்த இடம், எரியாத இடம், கன்று நட்ட இடம், நடாத இடம் ஆகிய நான்கும் அவற்றில் அடங்கவேண்டும். அப்போதுதான் ஒன்றோடொன்றை ஒப்பிட முடியும். முதல் மழை விழுந்ததும் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை அடைமழையின் இடைவெளியில் ஒருமுறை, வேனிலில் மரங்களின் மீதுள்ளவற்றைப் பார்க்க ஒருமுறை என்று வருஷத்தில் மூன்று தடவை அதே துண்டுகளுக்குச் செல்லவேண்டும். செடி எத்தனை, பூத்தவை எத்தனை, காய்த்தவை எத்தனை, இளஞ்செடி எத்தனை, பக்கத்தில் தீயோ மேய்ச்சலோ மண்ணரிப்போ உண்டா என்ற ஐந்து கேள்விகள் போதும். ஒரு செடியையும் பறிக்கலாகாது. படம் எடுத்தால் போதுமானது.

கலாசாலையில் தாவர சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் பெயரறிந்து எழுதட்டும். ஆனால் அவர்களுக்கு வழிகாட்ட, மலையில் கால்தேய நடந்த ஆட்டுக்காரர்களும் தீயணைக்கும் தொண்டர்களும் முன்னே செல்லவேண்டும். எந்தப் பள்ளத்தில் ஈரம் தங்கும் என்பதை அவர்கள் பாதம் அறியும். அவர்களுக்கு அன்றைய கூலி தரப்படவேண்டும் என்பதையும் நாம் வற்புறுத்துகிறோம். ஏழையின் அறிவை இலவசமாக வாங்கிக்கொண்டு படித்தவன் பெயரில் எழுதிக்கொள்ளும் பழைய வழக்கம் இந்த ஏட்டில் புகக்கூடாது. கண்டவர் பெயர் கண்டவருக்கே உரியது.

தை பிறந்ததும், அவ்வருஷத்துக் கணக்கை அடி அண்ணாமலையில் ஊரார் கூடிய சபையில் உரக்கப் படிக்கவேண்டும். கூடியிருந்தால் ஏன், குறைந்திருந்தால் ஏன் என்று ஊர் கேட்கவேண்டும். பொறுப்பாளர் பதில் சொல்லவேண்டும். கோயில் வரவு செலவைக் கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு என்று வாதிக்கிறோமே, மலையின் வரவு செலவைக் கேட்க மட்டும் உரிமை இல்லையா?

தேடிச் சென்று ஒன்றுமே காணாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். ‘இல்லை’ என்று தேதியிட்டு எழுதவேண்டும் என்பதே நமது விடை. இன்று இல்லை என்று எழுதியிருந்தால்தான், பத்து வருஷம் கழித்து ஒன்று முளைத்தபோது, இத்தனை பேர் சுமந்த கன்றும் வெட்டிய தீக்கோடும் வீண்போகவில்லை என்று நிரூபிக்க முடியும். பூஜ்யத்தை எழுத வெட்கப்படுகிறவன் ஒன்று என்ற எண்ணின் மதிப்பையும் அறியமாட்டான்.

வரும் மழைக்குள் ஊரார் பத்துப் பேர் முன்வந்து, இலாகாவிடம் மனுச்செய்து, ஒரு நோட்டுப் புஸ்தகமும் அளவுநாடாவும் வாங்கிக்கொண்டு இவ்வேலையைத் தொடங்குவார்களானால், அதற்கு வேண்டிய பிரசாரத்தையும் உதவியையும் நாம் மனமுவந்து செய்வோம்.